பட்டுச்சேலைப் படம்

நீ ஒரு பெண்ணை ஏமாற்றினாய். அவள் உயிரோடு இருந்தபோதும் ஏமாற்றினாய், செத்த பிறகும் ஏமாற்றினாய். இதை உன் முகத்துக்கு நேரே கேட்கத்தான் அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். நீ என்னை ‘சார்’ என்று கூப்பிட்டு உட்காரச் சொன்னாய். அதனால் இப்போது எழுதுகிறேன்.

படிக்கிறவர்களுக்கு இவன் பெயர் வேண்டாம். என் பெயரும் வேண்டாம். அந்தப் பெண்ணின் பெயரை நான் ஏன் எழுதவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இனி அவனை அவன் என்றே எழுதப்போகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. கிண்டியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். நடந்ததை நடந்தபடி சொல்ல வரும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

ரயிலில்தான் பழக்கம். எண்பதுகளின் தொடக்கம். வண்டி தாம்பரத்தில் புறப்படுவதால் எங்களுக்கு எப்போதும் உட்கார இடம் கிடைக்கும். பல்லாவரம் வந்தால் நிற்கவும் இடம் இருக்காது. எங்கள் பெட்டியில் தினமும் ஒரே கூட்டம். நான்கு பேர் மடியில் துண்டை விரித்துச் சீட்டு ஆடுவார்கள். ஒருவர் ஓசிப் பேப்பரை எழுத்து விடாமல் படிப்பார். அவன் பாரிமுனையில் ஒரு வங்கியில் அதிகாரி. மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீடு. நான் சேலையூர்க்காரன். எங்கள் நிலமெல்லாம் மனையாகிப் போனதில் எனக்கு மிஞ்சியது கேம்ப் ரோடு பக்கம் ஒரு வீடு. தாம்பரத்தில் ஏறிக் கிண்டியில் இறங்குவேன். எங்கள் சிநேகிதமும் முதலில் அவ்வளவு நீளம்தான்.

ஒருநாள் அவன் பையிலிருந்து ஒரு ஆல்பத்தை எடுத்தான். புதிதாக ஒரு வெளிநாட்டுக் கேமரா வாங்கியிருந்தான். மைசூர் அரண்மனை, ஊட்டிப் பூங்கா, கன்னியாகுமரிச் சூரியன் என்று லீவில் சுற்றிய ஊர்களை எல்லாம் எடுத்து வைத்திருந்தான். ஆல்பம் கை மாறிக் கை மாறிப் பெட்டி முழுக்கச் சுற்றியது. சீட்டு ஆடுகிறவர்களில் ஒருவர் திருப்பிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்:

“நல்லாக் கீது சார். எங்க வூட்டு காலண்டர்ல இதே அரண்மனதான். உங்க படத்துல ஒரே ஒரு கொறச்சல், அதுல லட்சுமி படம் ஒண்ணு ஓரத்துல போட்டுக்கீறான்.”

பெட்டியே சிரித்தது. அவன் முகம் சுருங்கிப்போயிற்று. பாவமாக இருந்தது எனக்கு. நான்தான் சொன்னேன்.

“நம்ம பக்கம் வந்து எடுங்க சார். எந்தக் காலண்டர்லயும் வராது.”

“உங்க பக்கம் என்ன சார் இருக்கு எடுக்கறதுக்கு?”

“வந்து பாருங்க. இருக்கறது இருக்கு.”

அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டான். அப்படித்தான் ஆரம்பித்தது. அதை ஆரம்பித்துவைத்தது என் வாய்.

அதன்பிறகு வருஷக்கணக்கில் ஞாயிறு காலை என்றால் என் மொபெட்டில் பின்னால் அவன். கேமராவை ஒரு மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்வான். வேளச்சேரி ரோடு, மேடவாக்கம், வண்டலூர், முடிச்சூர் என்று போவோம். செம்பாக்கம் ஏரிக்கரையில் மரத்தில் ஆணி அடித்துக் கண்ணாடி மாட்டி முடி வெட்டிக்கொண்டிருந்தவர். “பஞ்சர் ஒட்டப்படும், எருமைப்பால் கிடைக்கும்” என்று ஒரே பலகையில் எழுதிவைத்த கடை. இரும்புலியூர் கேட்டில் ரயிலுக்காக நின்ற பஸ்ஸின் ஜன்னல்களில் வரிசையாகத் தெரிந்த தூங்குமூஞ்சிகள். கல்குவாரி லாரி மேல் உட்கார்ந்து முகமெல்லாம் வெள்ளையாகப் போன பெண்கள். இதையெல்லாம் நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அவன் எடுத்த படத்தில் பார்த்தபோதுதான் பார்த்த மாதிரி இருந்தது. இதை நான் மறுக்கமாட்டேன். கோபத்துக்காகப் பொய் சொல்லக் கூடாது.

திங்கட்கிழமை ரயிலில் கிராக்கி எங்களுக்குத்தான். சீட்டுக்கட்டைக் கீழே வைத்துவிட்டு ஆல்பத்துக்குக் கை நீட்டுவார்கள். “ஏய், இது நம்ம சானடோரியம் ஸ்டேஷன் பெஞ்சுதானே?” “இந்தாளு எங்க தெருவுல ஐஸ் விக்கறவன்பா! வீட்ல சம்சாரத்துக்குத் தெரிஞ்சா கிழிஞ்ச சட்டையத் தெச்சுப் போடச் சொல்லும்.” குரோம்பேட்டையில் ஏறுகிறவர்கள் தலைக்கு மேலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். அந்த ஆல்பம் பீச் ஸ்டேஷன் வரைக்கும் போய்ச் சாயங்காலம் அவன் கையில் திரும்பி வரும். யாரும் ஒரு படத்தைக்கூட எடுத்துக்கொண்டது கிடையாது.

படம் எடுத்தது அவன். முகத்தைக் கேமராப் பக்கம் திரும்பவைத்தது நான். அவனுக்கு மனிதர்களிடம் பேச வராது. சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, “கொஞ்சம் இப்படிப் பாருங்க” என்பான். கணக்கெடுக்க வந்த ஆபீசர் என்று நினைத்து ரேஷன் கார்டைத் தேடி உள்ளே போவார்கள். நான்தான் போய், “சும்மா படம் புடிக்கறார்மா, பயப்படாதீங்க, நம்ம ஆளுதான்” என்பேன். அந்த ‘நம்ம ஆளு’ என்ற சொல் என்னுடையது. அதை நம்பித்தான் நின்றார்கள்.

எங்கள் பக்கத்து ஜனங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. கேமரா என்று தெரிந்தால் போதும், “இரு, இதோ வந்துட்டேன்” என்று உள்ளே ஓடுவார்கள். முகம் கழுவி, பவுடர் போட்டு, தலை வாரி, இருப்பதில் நல்லதை எடுத்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். ஆண்பிள்ளைகள் வாட்ச் இரவல் வாங்குவார்கள். ஒரே வாட்ச் அண்ணன் தம்பிகள் கையில் வரிசையாக ஏறி இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். படம் என்பது அவர்களுக்கு விளையாட்டு இல்லை. வாழ்க்கையில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ வருவது. நாளைக்குத் தாங்கள் இல்லாதபோது சுவரில் தங்களுக்குப் பதிலாக இருக்கப்போவது அது. எந்தச் சட்டையோடு சுவரில் இருப்பது என்று முடிவு செய்கிற உரிமை அவர்களுக்கு இருந்தது.

அவனுக்கு அது பிடிக்காது.

“பவுடர் அடிச்சதும் மூஞ்சியே போயிடுது மச்சான். பொம்மை மாதிரி ஆயிடறாங்க.”

அதற்குள் என்னை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான். அதனால் அவர்கள் உள்ளே ஓடுவதற்கு முன்பே, வாயைப் பிளந்துகொண்டு, அழுக்கு பனியனோடு, நிற்கிற நிலையில் ஒன்று எடுத்துவிடுவான். பிறகு அவர்கள் அலங்காரம் செய்துகொண்டு வந்து விறைப்பாக நிற்கும்போது இன்னொன்று. இரண்டும் நடக்கிறது, அவனுக்கு வேண்டியது அவனுக்கு, அவர்களுக்கு வேண்டியது அவர்களுக்கு, நியாயமாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். ஆல்பத்தில் மட்டும் முதல் படம்தான் இருக்கும். கேட்டால், “ரெண்டாவது சரியா வரல” என்பான். கேமரா அவனுடையது. சரியாக வந்ததா வரவில்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

முடிச்சூர் ரோட்டில் ஒரு வளைவில் புளியமரம் இருந்தது. அதன் அடியில் சாக்கு விரித்து ஒரு பெண் காய் விற்பாள். அவர்கள் சொந்த நிலத்தில் விளைந்த கத்திரிக்காய், வெண்டை, கீரைக்கட்டு. அப்போதே பக்கத்து வயல்களில் மனைக்கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். அவள் வீட்டுக்காரர் மட்டும் விற்காமல் இருந்தார். அவளுக்கு வாய் நீளம். பேரம் பேசுகிறவர்களைப் படுத்திவைப்பாள். “ஏம்மா, பஸ்ஸேறி மார்க்கெட்டுக்குப் போயேன், அங்க நாத்தம் புட்ச்ச கத்திரிக்கா மலிவாத் தர்றான்” என்பாள். நாங்கள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அங்கே நிறுத்துவோம்.

ஒருநாள் அவள் கேட்டாள்.

“இன்னா சார், ஊர்ல கீற நாய் பூனையெல்லாம் புடிக்கிற. என் மூஞ்சி மட்டும் ஆவாதா?”

“உங்கள எடுக்கக் கூடாதுன்னு யார் சொன்னா?” என்றேன் நான்.

“எனக்கு ஒரு படங்கூடக் கெடையாது தம்பி. கல்யாணத்துக்குப் படக்காரன் வர்றேன்னு சொல்ட்டு வரல. குடிச்சிட்டு எங்கியோ வுழுந்துட்டானாம்.”

அந்த நேரம் பார்த்து ஒரு ஆடு வந்து கீரைக்கட்டில் வாய் வைத்தது. அவள் கொம்பை எடுத்து வீசிக்கொண்டு எழுந்து கத்தினாள். கூந்தல் அவிழ்ந்து, முந்தானை சரிந்து, வாய் கோணி, ஆட்டின் பரம்பரையையே திட்டினாள். அவன் கேமரா கண்ணில் இருந்தது. அமுக்கினான். சத்தம் கேட்டது எனக்கு. அவளுக்குக் கேட்கவில்லை.

ஆட்டை விரட்டிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

“இரு சார், வூட்டுக்குப் போயி சேலை மாத்திகினு ஓடியாந்துர்றேன். தம்பி, யாருனா வந்தா கூறு கட்டி வெச்சிகிறத எடுத்துக் குடு. பேரம் பேசினா தராத.”

அவள் போனபிறகு அவன் மரத்துக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்து, மஞ்சள் பைக்குள் கேமராவை விட்டு ரோலைக் கழற்றினான். வெயில் படாமல் ரோல் மாற்றுவது அப்படித்தான். தீர்ந்ததைக் கழற்றிப் புதியது போடுகிறான் என்று நினைத்தேன். கழற்றியதைப் பார்த்தேன். போட்டதைப் பார்க்கவில்லை. அந்தச் சமயம் சைக்கிளில் வந்த ஒருவர் வெண்டைக்காய் முற்றல் என்று என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்த வெண்டைக்காய்க்காரர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் உண்டு.

அவள் வந்தாள். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அரக்கு நிறப் பட்டுச்சேலை, கல்யாணச் சேலை. முகத்தில் பவுடர். பெரிய பொட்டு. தலை நிறையக் கனகாம்பரம். வயல் வரப்பில் செருப்பில்லாமல் நடந்து வந்ததில் சேலைக் கரையில் சேறு. கூடவே பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதில் அவள் பெண் ஓடி வந்தது. அதுவும் ஆசையோடு அம்மா பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

“நீ தள்ளிப் போடி. நான் ஒண்டியா நிக்கணும்.”

பெண் தள்ளிப்போய் என் பக்கம் நின்றுகொண்டது. அவள் புளியமரத்தில் சாயாமல், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், கடைசியில் இரண்டையும் பக்கவாட்டில் விட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நேராக நின்றாள். சிரிக்கவில்லை. ஊரையே சிரிக்கவைக்கிற பெண் அப்படி ஒரு முகத்தோடு நின்று நான் பார்த்ததில்லை.

அவன் அமுக்கினான். “இன்னொண்ணு” என்று சொல்லி மறுபடியும் அமுக்கினான்.

“சார், படத்துக்குப் பின்னாடி என் பேர எழுதிக் குடு. இல்லன்னா வேற எவளாவது அது நான்தான்னு சொல்லிகினு திரிவா.” தன் பெயரைச் சொன்னாள். அவன் அதைத் திருப்பிச் சொன்னான். சரியாகச் சொன்னான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தப் பெயரோடு ‘அம்மா’ சேர்த்துத்தான் கூப்பிடுவான்.

படம் வரவில்லை. போகும்போதெல்லாம் கேட்பாள்.

“இன்னா சார், என் படம் இன்னும் கழுவி முடியலியா? அவ்ளோ அழுக்காவா இருந்தேன்?”

“லேப்ல இருக்கும்மா. அடுத்த வாரம் வந்துடும்.”

அவள் நம்பினாள். போகும்போது கத்திரிக்காயை அள்ளி அவன் மஞ்சள் பையில் போடுவாள். அவன் வாங்கிக்கொள்வான். ரயிலில் அந்த ஆட்டுப் படத்தைக்கூட அவன் காட்டவில்லை. அது மட்டும் ஆல்பத்தில் வரவே இல்லை. நல்லதை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டிருக்கிறான் என்பது பிறகுதான் புரிந்தது.

ஆனால் என்னையும் என் சம்சாரத்தையும், மாடி எடுத்துக் கட்டிய வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் எடுத்தானே, அந்தப் படம் பத்து நாளில் வந்தது. சட்டம் போட்டே கொண்டுவந்து கொடுத்தான். இன்றைக்கும் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நான் தலை வாரியிருக்கிறேன். வாட்ச் கட்டியிருக்கிறேன். பொம்மை மாதிரிதான் நிற்கிறேன். சேலையூரில் மாடி வீடு கட்டினவன் பொம்மை மாதிரி நின்றால் கேமராவில் ஃபிலிம் இருக்கும்.

எண்பதுகள் முடியும்போது அவன் அடையாறு பக்கம் வீடு மாறிப் போனான். ரயில் சிநேகிதம் ரயிலோடு போயிற்று. எப்போதாவது பொங்கலுக்கு வருவான். பத்திரிகைகளில் அவன் படங்கள் வர ஆரம்பித்திருந்தன. பெட்டியில் பழைய ஆட்கள், “நம்மாளு பெரியாளாயிட்டான்பா” என்பார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

முடிச்சூரில் அந்தப் பெண்ணின் மகளுக்குக் கல்யாணம். எங்களுக்குப் பத்திரிகை வைத்தாள். நானும் சம்சாரமும் போனோம். அந்தக் கல்யாணத்துக்கு ஸ்டூடியோக்காரர் வந்திருந்தார். பொண்ணு மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் சமையல் பந்தலில் அண்டா பக்கத்தில் வேர்த்து விறுவிறுத்து நின்றிருந்தாள். சம்பந்தி வீட்டு அம்மாள் ஒருத்தி கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாங்க சம்பந்தி, ஒரு போட்டோ.”

“வேர்த்த மூஞ்சியோட நான் நிக்க மாட்டேன். எனக்குத்தான் ஏற்கெனவே சூப்பரா ஒரு படம் எடுத்துக்கீதே. பட்டுச்சேலைல. பேங்க் ஆபீசர் எடுத்தாரு. கேளு, இதோ நிக்குதே தம்பி, சாட்சி.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். எனக்குத் தெரிந்ததைத்தான் ஆட்டினேன்.

கல்யாண ஆல்பத்தில் அவள் எங்கேயும் இல்லை. பந்தி பரிமாறும் ஒரு படத்தில் ஒரு கையும் கரண்டியும் இருக்கிறது. அது அவள் கையாக இருக்கலாம் என்று மகள் சொல்கிறாள்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து ஒரு வாரத்தில் போய்விட்டாள். மகள் எங்கள் வீட்டுக்கு வந்தது. கருமாதிக்குப் படம் வேண்டும். அதைப் பெரிது பண்ணி மாலை போட வேண்டும். “அண்ணா, அந்த சார் கிட்ட நீ சொன்னா குடுப்பாரு. நான் அன்னிக்கு உன் பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன். ரெண்டு வாட்டி எடுத்தாரு. ஒண்ணாவது இருக்கும்.”

அன்றைக்கே பஸ் பிடித்து அடையாறு போனேன். பால்கனியில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தான். விஷயத்தைச் சொன்னதும், “ச்சே, எப்ப?” என்றான். வருத்தப்பட்டான். அந்த வருத்தம் நிஜம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

“அந்த நெகட்டிவ் பூஞ்சை பிடிச்சுப் போச்சு மச்சான். மழைல வீடு ஒழுகி நிறைய போயிடுச்சு.”

“எதுவுமே இல்லையா? அவங்க முகம் இருக்கற மாதிரி ஒண்ணுகூட?”

“ஒண்ணும் இல்ல மச்சான். நான் தேடிப் பார்க்கறேன். நீ கிளம்பு, லாஸ்ட் பஸ் போயிடும்.”

ஆட்டுப் படம் அப்போது எங்கே இருந்தது? பக்கத்து அறையில் இருந்திருக்கும். ஒரு சுவர்தான் நடுவில். அதைக் கொடுத்திருந்தாலாவது மகள் அதை வைத்துக்கொண்டு அழுதிருக்கும்.

கருமாதி அன்று ஒரு மணைப்பலகையின் மேல் அரக்குப் பட்டுச்சேலையை மடித்து வைத்தார்கள். அதன்மேல் மாலை. முன்னால் விளக்கு. வந்தவர்கள் எல்லோரும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சேலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். கரையில் அந்தச் சேறு இன்னும் லேசாகத் தெரிந்தது. பட்டுச்சேலை என்று பயந்து அவள் துவைக்கவே இல்லை போலிருக்கிறது.

அதன்பிறகு நான் அவனைத் தேடிப்போகவில்லை. அவனும் வரவில்லை. மகள் மட்டும் விடவில்லை. அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. எங்கே என்னைப் பார்த்தாலும், காய்கறிக் கடையானாலும் பஸ் ஸ்டாண்டானாலும், “அந்தப் படம், அண்ணா?” என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசும். அப்பா நிலத்தை விற்ற சமாச்சாரத்தைக்கூட அதற்கு அப்புறம்தான் சொன்னது. புளியமரம் இருந்த இடத்தில் மனை விற்கிற ஆபீஸ் வந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில், ரிட்டையரான பழைய ரயில் சிநேகிதர் ஒருவர் சொன்னார். நகரத்தில் ஒரு கூடத்தில் அவன் படங்களை எல்லாம் பெரிது பண்ணி மாட்டியிருக்கிறார்களாம். அவனே வந்து பேசுகிறானாம். ‘பெயர் தெரியாத முகங்கள்’ என்று தலைப்பாம். நம் பக்கத்துப் படங்கள்தான் எல்லாம் என்றார். நான் மகளைக் கூப்பிட்டுக்கொண்டு போனேன். அம்மா முகம் அங்கே இருந்தாலும் இருக்கும் என்று சொல்லித்தான் கூப்பிட்டேன். அதுவும் பட்டுச்சேலைப் படத்தை எதிர்பார்த்துத் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தது.

இருந்தது. உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில், ஆள் உயரத்துக்கு. கொம்பு ஓங்கிய கை. அவிழ்ந்த கூந்தல். கோணிய வாய். மூலையில் ஆட்டின் பின்பாதி. கீழே அட்டையில், ‘பெயர் தெரியாத காய்கறிக்காரி, முடிச்சூர் சாலை.’

படம் நல்ல படம். எனக்கு எரிச்சலே அதுதான். அவள் திட்டுவது காதில் கேட்டது.

மகள் படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தது. பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தது.

“அம்மாதான். ஆனா அது இது இல்லண்ணா. அது எங்க?”

சுவர் சுவராகத் தேடினோம். கண்ணாடி மாட்டிய நாவிதர் இருந்தார். லாரிப் பெண்கள் இருந்தார்கள். ரயிலில் கை மாறிக் கை மாறிப் பார்த்த அத்தனை பேரும் இருந்தார்கள். தலை வாரினவர்கள் ஒருவர்கூட இல்லை.

அப்புறம் பேச்சு. அவன் மைக்கைப் பிடித்தான். தலை நரைத்திருந்தது, ஜிப்பா போட்டிருந்தான். பேச வராதவன் நன்றாகவே பேசினான். யாரோ கேட்டார்கள், இவ்வளவு இயல்பாக எப்படி எடுத்தீர்கள் என்று. சிரித்தான்.

“அது ஒரு டிரிக். கேமராவப் பாத்தாலே எல்லாரும் டிரெஸ் மாத்த ஓடுவாங்க. அதுக்குள்ள எனக்கு வேண்டியது கெடச்சிடும். அப்புறம் பவுடர் பூசிக்கிட்டு வந்து நிப்பாங்க பாருங்க, அவங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு காலி கேமராவ ரெண்டு தடவ அமுக்கிடுவேன். அவங்களுக்கும் சந்தோஷம், நமக்கும் ஃபிலிம் மிச்சம்.”

கூடம் முழுக்கச் சிரித்தது. கைகூடத் தட்டினார்கள்.

ரெண்டு தடவை. அந்தச் சொல் காதில் விழுந்ததும் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தது. அழவில்லை.

“அப்ப அன்னிக்கு உள்ள ஒண்ணும் இல்லியாண்ணா?”

நான் எழுந்தேன். உரக்கத்தான் கேட்டேன். எனக்கு மெதுவாகப் பேச வராது.

“முடிச்சூர் ரோட்டுல, புளியமரத்தடில, பட்டுச்சேலை கட்டிக்கிட்டு வந்து நின்னாங்களே. அப்ப உள்ள ஃபிலிம் இருந்துச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லு.”

அவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். அவன் கண்ணில் தெரிந்தது. என் பக்கத்தில் நின்ற பெண்ணையும் பார்த்தான், அவள் சாடை அப்படியே அம்மா. மைக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

“சார், ப்ளீஸ், உக்காருங்க. பர்சனல் விஷயமெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். நெக்ஸ்ட்?”

அப்புறம் பேசவில்லை. அவனைச் சுற்றிக் கூட்டம். கூட்டம் கலைந்தபோது அவன் இல்லை.

திரும்பும்போது தாம்பரம் பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தது. வண்டி சைதாப்பேட்டை தாண்டியது. நான்தான் சொன்னேன், அந்த ஆட்டுப் படத்தையாவது கேட்டு வாங்கித் தருகிறேன் என்று.

“அத மாட்டினா அம்மா என்னியத் திட்டும்ணா. முந்தானகூட சரியா இல்ல.” கிண்டி வந்தபோது, “திட்டினா திட்டட்டும். எம்பொண்ணுக்குப் பாட்டி மூஞ்சி காட்டணும் இல்ல. ஆனா அந்தப் பட்டுச்சேலப் படம் எங்கியாவது இருந்து, நான் இத மாட்டிட்டன்னு வெய்யி, அம்மாவுக்கு நான் பண்ற துரோகம். அதனால அது கீதா இல்லியான்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுண்ணா. இல்லன்னா இல்லன்னு சொல்லட்டும். தேடறத வுட்டுட்டு இத மாட்டிக்கறேன்.”

அவ்வளவுதான் அது கேட்டது. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கோபமெல்லாம் எனக்குத்தான்.

எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. வாழ்க்கையில் நான் நன்றாக இருந்த நாட்கள் அவை என்று நினைத்திருந்தேன். இப்போது அந்த ஆல்பத்தில் இருந்த ஒவ்வொருவரையும் நினைக்கும்போது, இவர் உள்ளே போய்த் தலை வாரிக்கொண்டு வந்து காலிப் பெட்டிக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. வாட்ச் இரவல் வாங்கினவர்கள் எல்லாம் நினைவுக்கு வருகிறார்கள். நான் ‘நம்ம ஆளு’ என்று சொன்னேன். அவர்கள் நம்பினார்கள். அந்தச் சொல்லை இனி எங்கே போய்த் திரும்ப வாங்குவது?

இனி உன்னிடம் பேசுகிறேன்.

தனியாகக் கேட்டபோது லேப் என்றாய், பிறகு பூஞ்சை என்றாய். அதனால் இனித் தனியாகக் கேட்கமாட்டேன். அதே கூடத்தில், அதே மைக்கில், அன்றைக்குச் சிரித்தவர்கள் முன்னால் பதில் சொல். அவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றபோது உன் கேமராவில் ஃபிலிம் இருந்ததா? இருந்தது என்றால் பூஞ்சை பிடித்ததானாலும் அந்த நெகட்டிவைக் கொண்டுவந்து அவள் மகள் கையில் கொடு. இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிட்டு, உன் சுவரில் இருக்கிறதே அந்த ஆட்டுப் படம், அதைக் கழற்றிக் கொடு. அதைச் சுவரில் எங்கே மாட்ட வேண்டும் என்று மகளுக்குத் தெரியும்.

கொடுக்கும்போது ‘பெயர் தெரியாத’ என்ற அந்த அட்டையைக் கிழித்துவிட்டுக் கொடு. அவள் பெயரை நான் இதில் ஒரு இடத்திலும் எழுதவில்லை. எனக்குத் தெரியாததால் இல்லை. அதை உன்னிடம்தான் சொன்னாள், படத்துக்குப் பின்னால் எழுதச் சொல்லி. நீ அதைத் திருப்பிச் சொன்னதை நான் கேட்டேன், அவள் மகளும் கேட்டது. மைக்கைப் பிடித்து அந்தப் பெயரைச் சொல். நாங்கள் இரண்டு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்போம்.